'இடம் இல்லை' என்கிறதா? அழிப்பதற்கு முன் பைட் கணக்கைப் பாருங்கள்

பஸ் நிலையத்துக்கு எதிரே இணைய விண்ணப்பம், ஸ்கேன், ஜெராக்ஸ் செய்துதரும் சிறு கடை என்னுடையது. "இடம் இல்லை என்கிறது", "சைஸ் அதிகம் என்கிறது", "சைஸ் போதாது என்கிறது" என்ற மூன்று புகார்களையும் ஒரே நாளில் கேட்கிறேன். சில நாள்களில் மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. பதற்றத்தில் இருப்பவர்கள் முதலில் கையில் அகப்பட்டதை அழிக்கிறார்கள். அப்படியும் தீராவிட்டால் புதிதாக ஒரு பென்டிரைவ் வாங்குகிறார்கள். அழிந்துபோன சான்றிதழ்ப் படங்களைத் தேடிக்கொண்டு மறுவாரம் கடைக்கு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எந்தத் தொல்லையாக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான். விண்டோஸ் கணினியில் அந்தக் கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் கேபி, எம்பி கணக்குக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், பைட்களில் ஒரு நீளமான எண் இருக்கும். அந்த நீள எண்தான் மாறாதது. கேபி, எம்பி, ஜிபி எல்லாம் அதை யார் எப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். முதல் வரி, கோப்புக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. இரண்டாவது வரி, அந்தச் சரக்கு வட்டில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது. இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, கீழே உங்கள் அறிகுறிக்கு வாருங்கள்.

"1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது"

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. வட்டு தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள்: 1 டிபி என்றால் சரியாக ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் பெருக்குகிறது: அதற்கு 1 ஜிபி என்றால் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட். லட்சம் கோடியை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். இதே வகுத்தலில் 500 ஜிபி 465 ஆகும், 256 ஜிபி 238 ஆகும், 64 ஜிபி பென்டிரைவ் 59 ஆகும், 32 ஜிபி கார்டு 29 ஆகும். பைட் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை, அளக்கும் படிதான் வேறு.

ஆப்பிள் கணினிகள் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன. அதனால் அதே வட்டை அங்கே செருகினால் 1 டிபி என்றே காட்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-லேயே பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு 1024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்கள் வகுத்தது. லினக்ஸ் உலகில் அவை புழங்குகின்றன. விண்டோஸ் இன்றும் 1024-ஆல் வகுத்துவிட்டுப் பழைய பெயரையே போடுகிறது, குழப்பமும் தொடர்கிறது. பழைய பிளாப்பி வட்டில் '1.44 எம்பி' என்று அச்சடித்திருந்தது நினைவிருக்கும். அதில் இருந்தவை 14,74,560 பைட்கள். ஆயிரக் கணக்கில் அது 1.47, 1024 கணக்கில் 1.41. ஒரு முறை ஆயிரத்தாலும் ஒரு முறை 1024-ஆலும் வகுத்தால்தான் 1.44 கிடைக்கும். அளவுகளைக் கலந்து எழுதும் வழக்கம் அவ்வளவு பழையது.

கவலைப்பட வேண்டிய நிலை வேறு. 64 ஜிபி பென்டிரைவ் 29 ஜிபி என்றோ, சில எம்பி என்றோ காட்டினால் இந்த விளக்கம் பொருந்தாது. அதை முன்பு விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவும் வட்டாக மாற்றியிருந்தால், அப்போது பிரித்த பகுதிகள் அப்படியே நிற்கும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். பென்டிரைவின் பட்டையில் ஒதுக்கப்படாத இடம் கறுப்புக் கோட்டோடு தெரியும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பென்டிரைவின் பகுதிகளை மட்டும் நீக்கி, புதிதாக ஒரே பகுதியாக்குங்கள். எந்த வட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று இரண்டு தடவை பார்த்த பிறகு அழுத்துங்கள்.

"விண்ணப்பத்தில் புகைப்படம் ஏறவில்லை"

என் கடையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், 200 × 230 பிக்சல் அளவில் கேட்கிறார்கள். கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள், 140 × 60 பிக்சல். கைபேசியில் எடுத்த படமோ 3 எம்பி, 4 எம்பி இருக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 12 மெகாபிக்சல் படம் என்பது 4000 × 3000, அதாவது ஒரு கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். அப்படியே எழுதினால் 3 கோடியே 60 லட்சம் பைட். ஜேபெக் முறை அதைச் சுருக்கி 3, 4 எம்பிக்குக் கொண்டுவருகிறது. 200 × 230 பிக்சல் படத்தில் மொத்தமே 46,000 புள்ளிகள்தாம். ஆகவே தரத்தைக் குறைத்துக் குறைத்து முகத்தைக் கட்டங்கட்டமாக ஆக்க வேண்டாம். புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலே போதும்.

வரிசை முக்கியம். முதலில் வெட்டுங்கள், பிறகு சிறிதாக்குங்கள். விண்டோஸின் போட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்து, தலையும் தோளும் இருக்கும்படி வெட்டிச் சேமியுங்கள். பிறகு மூன்று புள்ளிப் பட்டியலில் 'ரீசைஸ் இமேஜ்' எடுத்து அகலம், உயரம் கொடுங்கள். தரத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவுகோலும், புதிய அளவு எத்தனை கேபி ஆகும் என்ற மதிப்பும் அங்கேயே தெரியும்.

பலர் இடறுவது அடுத்த படியில். 200 × 230-க்குக் கொண்டுவந்ததும் படம் 12 கேபி ஆகிவிடும். 'அளவு குறைவு' என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பும். அதைப் பார்த்ததும் தேர்வரின் முகம் வாடிவிடுகிறது. இவ்வளவு நேரம் குறைக்கச் சொன்னார்கள், இப்போது கூட்டச் சொல்கிறார்களே என்று. தர நழுவுகோலை மேலே ஏற்றுங்கள், அதே பிக்சலில் கேபி கூடும். அதுவும் போதாவிட்டால் அதே விகிதத்தில் 300 × 345 என்று கொஞ்சம் பெரிதாக வையுங்கள், படிவம் பிக்சலைக் கண்டிப்பாகச் சரிபார்க்காதவரை ஏற்றுக்கொள்ளும்.

கையொப்பத்தில் வரும் தவறு வேறு வகை. முழு வெள்ளைத் தாளையும் படமெடுத்து, வெட்டாமலேயே 140 × 60-க்குச் சுருக்குகிறார்கள். நடுவில் இருந்த கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல ஆகிவிடுகிறது. கறுப்பு மையில், கொஞ்சம் பெரிதாகக் கையெழுத்திட்டு, அதன் ஓரம் வரை நெருக்கி வெட்டிய பிறகு அளவை மாற்றுங்கள்.

'49 கேபிதான் இருக்கிறது, ஆனாலும் அதிகம் என்கிறது' என்றால் பைட் எண்ணைப் பாருங்கள். 50,600 பைட் உள்ள படத்தை விண்டோஸ் 49.4 கேபி என்று காட்டும். விண்ணப்பத் தளம் ஆயிரக் கணக்கில் எண்ணினால் அது 50.6 கேபி, வரம்பைத் தாண்டிவிட்டது. 45,000 பைட்டுக்குள் வைத்தால் எந்தக் கணக்கிலும் தேறும்.

பெயரின் முடிவில் இருக்கும் எழுத்துகளை மாற்றிப் பிஎன்ஜி படத்தை ஜேபெக் ஆக்கிவிட்டதாக நினைக்காதீர்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது. திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். இன்னொன்றைக் கை கூப்பிக் கேட்கிறேன். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இவற்றை 'இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்' என்னும் முகம் தெரியாத தளங்களில் ஏற்றாதீர்கள். கணினியிலேயே முடியக்கூடிய வேலைக்கு உங்கள் அடையாளத்தை வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

சான்றிதழ் ஸ்கேனுக்கும் இதே கணக்குதான். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், வண்ணத்தில் எடுத்தால் 2480 × 3508 பிக்சல், சுருக்காத நிலையில் 2 கோடியே 61 லட்சம் பைட். அதையே 150 டிபிஐயில் சாம்பல் நிறத்தில் எடுத்தால் 1240 × 1754, ஏறக்குறைய 22 லட்சம் பைட். பன்னிரண்டில் ஒரு பங்கு. பெரிதாக ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு சுருக்கப் போராடுவதைவிட, ஸ்கேனர் சாளரத்திலேயே இந்த இரண்டையும் மாற்றிவிடுவது எளிது. முத்திரையும் கையெழுத்தும் படிக்க முடிகிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"50 ஜிபி காலியாக இருக்கிறது, 6 ஜிபி வீடியோ ஏறவில்லை"

பென்டிரைவின் மீது வலது பொத்தான், ப்ராப்பர்ட்டீஸ். 'ஃபைல் சிஸ்டம்' (கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் முறை) என்ற வரியில் ஃபாட்32 என்று இருக்கிறதா? அதுதான் காரணம். 1990-களில் வந்த அந்த முறையில் ஒரு கோப்பின் அளவை எழுதி வைக்க 32 பிட், அதாவது 4 பைட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429,49,67,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் அந்தக் கோப்பை அது ஏற்காது, எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் சரி. 4 ஜிபி வரம்பு என்று சொல்வது இதைத்தான்.

உள்ளே இருப்பதைக் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ், மேக், அண்மைக்கால லினக்ஸ் மூன்றிலும் அது படிக்கும், எழுதும். வீட்டுத் தொலைக்காட்சியிலோ கார் ஆடியோவிலோ போடப் போகிறீர்கள் என்றால் முதலில் சிறு கோப்பை வைத்துச் சோதியுங்கள். பழைய கருவிகள் சில எக்ஸ்ஃபாட்டைப் படிப்பதில்லை. அவற்றுக்கு ஃபாட்32-ஐயே வைத்துக்கொண்டு வீடியோவை இரண்டாக வெட்டுவதுதான் வழி.

திருமண வீடியோவின் மூலக் கோப்புகளைக் கொடுத்தபோது 'ஏன் துண்டு துண்டாக இருக்கிறது, நடுவில் வெட்டிவிட்டீர்களா' என்று வீடியோக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் வெட்டவில்லை. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபாட்32-இல்தான் வருகின்றன. கேமரா 4 ஜிபி நிரம்பியதும் தானாக அடுத்த கோப்பைத் தொடங்கிவிடுகிறது. தாலி கட்டும் காட்சி ஒன்றின் முடிவிலும் அடுத்ததன் தொடக்கத்திலுமாக இருக்கும், எதுவும் போகவில்லை.

"24 எம்பி சரக்கு 1,500 எம்பி இடத்தைப் பிடிக்கிறது"

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நான் 'ஐயா' என்று அழைப்பவர், பல ஆண்டுகளாகச் சொல்லுக்கு ஒன்றாகக் குறிப்புகள் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 12,000 சிறு கோப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 2 கேபி. மொத்தம் 24 எம்பிகூட வராது. 64 ஜிபி பென்டிரைவில் அதை நகலெடுத்ததும் ஒன்றரை ஜிபி குறைந்துவிட்டது. "தம்பி, நான் எழுதியது இவ்வளவா?" என்று கேட்டார்.

'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற இரண்டு வரிகளின் வேறுபாடு அவருடைய ஃபோல்டரில்தான் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புலப்பட்டது. வட்டு இடத்தைப் பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை, அறை அறையாகத்தான் கொடுக்கும். ஓர் அறையில் ஒரு கோப்பின் சரக்கு மட்டுமே இருக்கலாம். விண்டோஸ் கணினியின் உள் வட்டில் இருக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் வழக்கமாக ஓர் அறை 4 கேபி. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபாட் வட்டில் விண்டோஸ் இயல்பாக வைக்கும் அறை 128 கேபி. 2 கேபி குறிப்புக்கும் ஒரு முழு அறை. பன்னிரண்டாயிரம் அறைகளைக் கூட்டுங்கள், 1,500 எம்பி. பெரிய வீடியோவுக்கு இது உறைக்காது, கடைசி அறை மட்டும்தான் அரைகுறையாக நிற்கும். சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த இழப்பு.

தீர்வு: ஃபோல்டரை ஜிப் ஆக்கி ஒரே கோப்பாக நகலெடுங்கள். எழுத்துக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும், நகலெடுக்கும் நேரமும் பெருமளவு குறையும். ஐயாவின் குறிப்புகளை அப்படித்தான் செய்துகொடுத்தேன். இதையே புகைப்படங்களுக்கும் வீடியோவுக்கும் செய்து 'ஜிப் போட்டும் குறையவில்லையே' என்று வருகிறார்கள். ஜேபெக்கும் எம்பி4-உம் ஏற்கெனவே பிழியப்பட்ட கரும்பு. மறுபடி ஆலையில் கொடுத்தால் சாறு வராது.

அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. பழைய பாமினி எழுத்துருவில் இருந்த குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றியதும் கோப்பு மும்மடங்கு ஆகிவிட்டதாம். நோட்பேடில் 'தமிழ்' என்று மட்டும் தட்டச்சு செய்து, யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, அளவைப் பாருங்கள் என்றேன். 15 பைட். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பாமினியில் அதே சொல் ஐந்து பைட்தான். ஆனால் அந்த ஐந்து பைட்டும் உண்மையில் ஆங்கில விசைகள். எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற எழுத்துக் குவியலாக நிற்கும், தேடினால் அகப்படாது. மும்மடங்கு இடம் கொடுத்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் உறுதியை வாங்குகிறோம். 24 எம்பி விஷயத்தில் அதற்குக் கணக்குப் பார்க்கவே கூடாது என்பது என் எண்ணம். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்தும் தமிழுக்கு 70-உம் கிடைப்பதும் இதையொட்டியதுதான். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட், தமிழ்க் குறிக்கு 16 பிட். புள்ளியும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்படும்.

"சி டிரைவ் சிவப்பாகிவிட்டது"

என் கடைக் கணினியிலேயே நடந்தது. 120 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 111. ஒரு நாள் 2 ஜிபிதான் மிச்சம் என்றது. சி டிரைவைத் திறந்து எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் பார்த்தால் பயன்பட்டதாகச் சொல்லும் கணக்கைவிடப் பல ஜிபி குறைவாக வந்தது. வைரஸ் என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை. கண்ணுக்குக் காட்டாமல் விண்டோஸ் வைத்திருக்கும் கோப்புகள் சில இருக்கின்றன. கணினியை உறக்கநிலைக்குக் கொண்டுபோகும்போது நினைவகத்தை இறக்கி வைக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, இயல்பு நிலையில் ரேமில் 40 விழுக்காடு அளவுக்கு இருக்கும். 8 ஜிபி ரேம் என்றால் 3 ஜிபிக்கு மேல். ரேம் போதாதபோது உதவும் பேஜ் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் புள்ளிகள் எல்லாம் இதில் அடக்கம். இவற்றைத் தேடிப் பிடித்துக் கையால் அழிக்க முயலாதீர்கள்.

சரியான வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். எது எவ்வளவு என்று பட்டைகளாக வரும். 'டெம்பரரி ஃபைல்ஸ்' திறந்தால் பழைய புதுப்பிப்புகள், முந்தைய விண்டோஸ் பதிப்பு, ரீசைக்கிள் பின் எல்லாம் தனித்தனிக் கட்டங்களோடு இருக்கும். முந்தைய விண்டோஸ் பதிப்பு பல ஜிபி இருக்கலாம். புதிய பதிப்புக்கு மாறிய பத்து நாளில் அது தானாகவே நீங்கிவிடும், பழையதற்குத் திரும்பப் போவதில்லை என்று உறுதியாக இருந்தால் முன்பே நீக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. 'தற்காலிகக் கோப்புகள்' என்ற தலைப்பின் கீழ் இருப்பதால் குப்பை என்று நினைத்துக் குறியிட்டுவிடுவோம். குறியிட்டால் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுதும் போய்விடும். அன்று நான் அதைக் குறியிட்டேன். மூன்று பேருடைய தேர்வு அனுமதிச் சீட்டுகள் அதில் இருந்தன. மறுபடி இறக்க முடிந்ததால் தப்பித்தார்கள். அன்றிலிருந்து வாடிக்கையாளர் கோப்பு எதையும் டவுன்லோட்ஸில் விட்டுவைப்பதில்லை.

எந்த ஃபோல்டர் இடத்தை விழுங்குகிறது என்று படமாகப் பார்க்க விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் உதவும். கோப்பு பெரிதாக இருந்தால் கட்டமும் பெரிதாக வரும். மறந்துபோன வீடியோ ஒன்று பெரிய சதுரமாகக் கண்ணில் அடிக்கும்.

"அழித்தும் இடம் திரும்பவில்லை"

எங்கே அழித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மேக் கணினியில் பென்டிரைவைச் செருகி அழித்திருந்தால், கோப்புகள் அந்தப் பென்டிரைவிலேயே மறைவான குப்பை ஃபோல்டரில் இருக்கும். மறுபடி அதே மேக்கில் செருகி, குப்பைத் தொட்டியைக் காலிசெய்தால் இடம் வரும். விண்டோஸில் பென்டிரைவிலிருந்து அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரடியாகப் போய்விடும். ஆகவே அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்அப் காப்பு நகலும் 2024-இலிருந்து இதில் சேர்ந்துவிட்டது. 'ஒன்றுமே ஏற்றவில்லை, எப்படி நிறைந்தது' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது வாட்ஸ்அப் காப்பு நகலைத்தான். அதில் வீடியோக்களைச் சேர்க்க வேண்டாம் என்று அணைத்துவிட்டால் கணிசமாகக் குறையும். அழித்தவை டிரைவிலும் ஜிமெயிலிலும் 30 நாள், போட்டோஸில் 60 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருந்துகொண்டே இடத்தையும் பிடித்திருக்கும். அதையும் காலிசெய்ய வேண்டும். பிறர் உங்களோடு பகிர்ந்த கோப்பு அவருடைய கணக்கில்தான் எண்ணப்படுகிறது, அதை நீக்குவதால் உங்களுக்கு ஒரு பைட்டும் கிடைக்காது.

கைபேசியில் இடம் வேண்டும் என்று கூகுள் போட்டோஸுக்குள் போய்ப் படங்களை அழிக்காதீர்கள். காப்பு நகல் எடுத்த படத்தை அங்கே அழித்தால் மேகத்திலிருந்தும், அதாவது இணையத்தில் உள்ள உங்கள் சேமிப்பிடத்திலிருந்தும் போய்விடும். கைபேசியில் இருக்கும் நகலை மட்டும் நீக்க 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியே ஒரு வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு, செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை அனுப்பப்பட்டவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். காலை வணக்கப் படங்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கோப்பின் 'சைஸ்' 2 ஜிபி, 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்று வரலாம். கோப்பு தொலையவில்லை, மேகத்தில் மட்டும் இருக்கிறது. இடம் பிடிக்கவில்லையே என்று அழித்துவிட்டால் மேகத்திலும் அழிந்துவிடும்.

சட்டென்று முடியும் இரண்டு

'100 எம்பி இணைய இணைப்பு எடுத்தேன், இறங்கும்போது 12 எம்பிதான் காட்டுகிறது.' இணைப்பு விற்பவர் சொல்வது மெகாபிட், இறக்கும் மென்பொருள் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. உங்கள் இணைப்பு முழு வேகத்தில் இருக்கிறது.

'மின்னஞ்சலில் சேர்த்த 20 எம்பி கோப்பைச் சில அலுவலக அஞ்சல்கள் ஏற்க மறுக்கின்றன.' மின்னஞ்சலில் கோப்பு அப்படியே போவதில்லை. மூன்று பைட்டை நான்கு எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். 20 எம்பி வழியில் 27 எம்பி ஆகிவிடும். பெரியதைக் கூகுள் டிரைவில் ஏற்றி அதன் லிங்க்கை அனுப்புங்கள்.

"பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, படம் திறக்கவில்லை"

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு மட்டும் மருந்து இல்லை. வருமுன் காப்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் 2 டிபி பென்டிரைவ் ஒன்றைப் பெரிய தள்ளுபடியில் வாங்கினேன். கணினியில் செருகினால் 1.81 டிபி என்று சரியாகவே காட்டியது. என் தங்கை மகளின் காதுகுத்துப் படங்கள் முழுவதையும், மூன்று பேருடைய கைபேசிகளிலிருந்து, அதில் நகலெடுத்தேன். கைபேசிகளில் இடம் வேண்டும் என்பதால் அங்கே அழித்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது முதல் சில நூறு படங்கள் நன்றாக வந்தன. அதற்குப் பிறகு பாதி முகம், கீழே சாம்பல் பட்டை. இன்னும் தள்ளிப் போனால் எதுவுமே திறக்கவில்லை. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த படம் அந்தப் பகுதியில் இருந்தது. அந்தத் தாய்மாமன் நான்தான்.

உள்ளே இருந்தது மிகச் சிறிய சில்லு. 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதியிருந்தார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் பைட்களை அது வாங்கிக்கொள்வதுபோல நடிக்கும், எங்கும் எழுதாது, அல்லது பழையதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் வட்டின் தொடக்கத்தில், உண்மையான பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரியும். எழுதப்படாததை எந்த மீட்பு மென்பொருளாலும் மீட்க முடியாது.

ப்ராப்பர்ட்டீஸ் காட்டும் எண்ணை நம்ப முடியாத ஒரே இடம் இதுதான். அங்கே எழுதிப் படித்துத்தான் சரிபார்க்க வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் அதைச் செய்கிறது. லினக்ஸ், மேக் கணினிகளுக்கு எஃப்3 இருக்கிறது. காலியான பென்டிரைவில், பயன்படுத்தத் தொடங்கும் முன்பே ஓட்டுங்கள். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் 2 டிபியை முழுதாக எழுதவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஐயம் இருந்தால் முதலில் 70 ஜிபி மட்டும் எழுதச் சொல்லுங்கள், எழுத இரண்டு மணி நேரம் போதும். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சில்லு இருந்தால் படிக்கும்போது பிழை வந்துவிடும். பிழை வராவிட்டால் முழுச் சோதனைக்கு விடுங்கள். சோதனை முடிந்து, நகலெடுத்து, நகலிலிருந்து கடைசிப் படம் வரை திறந்து பார்க்கும்வரை கைபேசியில் இருப்பதை அழிக்காதீர்கள்.

பிழை வந்த பென்டிரைவைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். திருப்ப முடியாவிட்டால் இரண்டாக உடைத்துவிடுங்கள். மேசை இழுப்பறையில் போட்டால் என்றாவது ஒரு நாள் அவசரத்தில் வீட்டில் யாராவது எடுத்து அதில் எதையாவது நகலெடுத்துவிடுவார்கள்.